பதினான்கு இருக்கை

ஞானஸ்நானம் வாங்கிய ஞாயிறு இரவு
ஈரச் சட்டையைக்கூட மாற்றாமல்
பென் டிரைவைக் கையில் எடுத்தேன்.
ஆயிரத்து இருநூற்றுப் பதினேழு பாட்டு.
சபையில் சங்கீதம் என்றால் ஒன்று,
என் மட்டாட்டுவில் சங்கீதம் என்றால் வேறு.

பாஸ்டர் கரூகியா சுருக்கமாகச் சொல்லியிருந்தார்:
"இயேசு உன் வண்டியில் ஏறினால் எதைப் போடுவாயோ
அதைப் போடு."
எந்த நிறுத்தத்தில் ஏறுவார் என்று சொல்லவில்லை.
நைவாஷாவில் ஏறினால் மீன் வாடையோடு வருவார்,
கில்கில் என்றால் பட்டாளத்துக்காரர்களோடு நெருக்கியடித்து.
சில்லறை வைத்திருப்பாரா,
அதுவும் தெரியாது.

நியாயத்தீர்ப்புக்கு உட்கார்ந்தவன் மாதிரி உட்கார்ந்தேன்.
செம்மறி வலது, வெள்ளாடு இடது.
கெட்ட வார்த்தை உள்ளவை முதலில் போயின,
அது சுலபம்.
பிறகு பீர் பெயர் வருபவை.
பிறகு இடுப்பைப் பற்றிப் பேசுபவை.
இதில் கொஞ்சம் நேரமாயிற்று,
ஒவ்வொன்றையும் கடைசிவரை கேட்டுத்தானே தீர்ப்பெழுத முடியும்.

லிங்காலா பாட்டுகளில் வந்து நின்றேன்.
ஒரு வார்த்தை புரியாது எனக்கு.
புரியாததில் பாவம் உண்டா?
டயர் கடைக் காங்கோக்காரனைப் போனில் எழுப்பி
ஒன்றைப் போட்டுக் காட்டினேன்.
"அம்மாவுக்கு மருந்து வாங்கக் காசில்லாதவன் பாட்டு அது.
போனை வை" என்றான்.
பதினெட்டு வருடமாக அதற்குத்தான்
தோளைக் குலுக்கிக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறேன்.
பாட்டை வைத்துக்கொண்டேன்.
தோளுக்காக மன்னிப்புக் கேட்டேன்.

விடியும்போது மிஞ்சியது நூற்றுப் பன்னிரண்டு.

திங்கட்கிழமை ஒச்சோலா கதவில் தொங்கியபடி
நகூரு முழுக்கக் கூவினான்.
பதினான்கில் ஆறு நிரம்பியது.
கல்லூரிப் பிள்ளைகள் ஏறினார்கள், கேட்டார்கள், இறங்கினார்கள்,
பின்னால் நின்ற மஞ்சள் வண்டிக்குப் போனார்கள்.
"அண்ணே, இரட்சிப்பு உங்களுக்கு,
பிடித்தம் என் கூலியிலா?" என்றான்.
அவனும் விசுவாசிதான்.
ஞாயிறு பூசை தவறமாட்டான், சனி நடனமும் தவறமாட்டான்,
இரண்டுக்கும் ஒரே சட்டை.

புதன்கிழமை, பள்ளத்தாக்கு ஏற்றத்தில்,
பக்திப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கையில்
கிடார் காதில் விழுந்தது.
மூன்றாம் தந்தியில் ஒரு வழுக்கல்,
சேற்றில் செருப்பு இழுபடுவது போல.
அந்த விரலை எனக்குத் தெரியும்.
ஞாயிறு இரவு நான் அழித்த பாட்டில்
அடுத்தவன் பெண்டாட்டியின் ஜன்னலுக்குக் கீழே நின்று
இதையேதான் வாசித்தது அது.
வண்டியை ஓரங்கட்டினேன்.
எஞ்சின் சூடா என்று கேட்டார்கள். ஆமென்றேன்.
திங்கள் ஜன்னலுக்கு, செவ்வாய் சிலுவைக்கு,
இரண்டிடத்திலும் அவன் கூலி ஒன்றாகவே இருந்திருக்கும்.
அவன் மனம் மாறியதோ என்னவோ,
விரல் மாறவில்லை.

அன்றிரவு ந்யாவீரா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே
எதையோ முனகினாள்.
அழித்ததில் ஒன்று.
அவளை முதன்முதலில் ஏற்றிக்கொண்டு போன நாளில் ஓடியது.
"அதைத்தான் எடுத்துவிட்டேனே" என்றேன்.
"பென் டிரைவிலிருந்துதானே எடுத்தாய்"
என்று அடுத்த கிழங்கை எடுத்தாள்.

இப்போது ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.
யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, சபையில் சொன்னால் சிரிப்பார்கள்.
பாட்டு முடிந்ததும் என் வலது காலைப் பார்ப்பேன்.
சில பாட்டுக்குப் பிறகு
லாரிக்காரனுக்கு வழி விடுகிறேன்.
சில பாட்டுக்குப் பிறகு
வளைவில் முந்துகிறேன், யாரோ ஒருவன் தாயைத் திட்டுகிறேன்.

இந்தக் கணக்கில் லிங்காலாக்காரன் தேறினான்.
ந்யாவீராவின் பாட்டு திரும்பி வந்தது.
ஜன்னல் பாட்டு வரவில்லை, விரலுக்காகக்கூட.
சபையில் எல்லோரும் எழுந்து கைதட்டும்
வெற்றிப் பாட்டு ஒன்று
இறக்கத்தில் என்னை நூறைத் தாண்டி ஓட்டவைத்தது.
எடுத்துவிட்டேன்.
பாஸ்டரிடம் இன்னும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு பேர்.
மூன்று இருக்கை காலி என்கிறான் ஒச்சோலா.
நைவாஷா வரட்டும் பார்க்கலாம் என்கிறேன்.